நிலவைச் சுற்றி வந்த விதைகள்: ஸ்டூவர்ட் ரூசாவின் வாழ்வும் பணியும்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

மரத்திற்கும் வரலாறு உண்டு. திருச்சி வட்டாரத்து மக்களுக்கு இதைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருவரங்கத்துக்குப் புன்னை, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், எங்கள் ஊர்ச் சமயபுரத்தாளுக்கு வேம்பு என்று ஒவ்வொரு தலத்திற்கும் ஒரு மரம் இருக்கிறது. தாவரவியல் நோக்கில் பார்த்தால், கோயில் வேம்புக்கும் தெருவோரத்து வேம்புக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. இலையும் ஒன்றே, பூவும் ஒன்றே, கசப்பும் ஒன்றே. ஆயினும் ஒன்றை வலம் வந்து வணங்குகிறோம். மற்றொன்றில் குச்சி ஒடித்துப் பல் துலக்குகிறோம். அம்மரத்தோடு சேர்ந்து வருகிற செய்தியே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. அச்செய்தியை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வருவதனால்தான் தல மரம் தல மரமாக நிற்கிறது. சொல்வார் இல்லையேல் அதுவும் ஒரு வேப்பமரம், அவ்வளவே.

அமெரிக்க நாட்டிலும் இத்தகைய மரங்கள் சில நிற்கின்றன. அவற்றை நிலா மரங்கள் என்று அழைக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டு நிலவைச் சுற்றிவிட்டு மண்ணுக்குத் திரும்பிய விதைகளிலிருந்து முளைத்தவை அவை. இரண்டாமாண்டில் விதை உறக்கம் பற்றிய பாடத்தின்போது எங்கள் பேராசிரியர் ஒரே ஒரு தொடரில் இதைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றார். எனக்கோ அத்தொடரை விட்டு நகர மனம் வரவில்லை. அந்த விதைகளை எடுத்துச் சென்றவர் யார்? ஏன் எடுத்துச் சென்றார்? அவை பின்னர் என்னவாயின? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் நம் கல்லூரி மலர் வாயிலாக உங்கள்முன் வைக்கிறேன்.

இளமையும் காட்டுத் தீயும்

ஸ்டூவர்ட் ஆலன் ரூசா 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோ என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் ஓக்லஹோமா மாநிலத்துக் கிளேர்மோர் என்னும் சிற்றூரில். பள்ளிப் படிப்பு முடிந்தபின் இளைஞர் ரூசா மேற்கொண்ட வேலை நம்மில் பலரும் கேள்விப்படாதது. அமெரிக்க வனத்துறையில், விமானத்திலிருந்து பாரசூட் கட்டிக்கொண்டு குதித்துக் காட்டுத் தீயை அணைக்கும் குழு ஒன்று உண்டு. சாலை இல்லாத மலைக்காட்டில் இடி விழுந்து தீப்பற்றினால், அது பரவுவதற்குள் தரையைச் சென்றடைய வேறு வழி கிடையாது. கையில் மண்வெட்டியும் கோடரியுமாக இறங்கி, தீயைச் சுற்றிலும் மண்ணை வெட்டி, எரிபொருள் இல்லாத ஓர் இடைவெளியை உண்டாக்கித் தீயை அங்கேயே அடைத்துவிட வேண்டும். 1953-ஆம் ஆண்டில் ரூசா இக்குழுவில் சேர்ந்து, ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் காடுகளில் எரிகின்ற தீக்கு நடுவே குதித்தார்.

அதே 1953-இல் நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் அப்துல் கலாம் இயற்பியல் மாணவராகப் பயின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர். மற்றவர் ஓக்லஹோமாவின் வெட்டவெளியிலிருந்து வந்தவர். செயற்கைக் கோள் என்ற ஒன்றே இல்லாத அந்த நாளில், இவ்விரு இளைஞர்களும் விண்வெளிப் பணியில் பெயர் பெறுவார்கள் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. முதல் ஸ்புட்னிக் விண்ணேறியதே 1957-இல்தான்.

ரூசா தீயணைக்கும் பணியில் இருந்தது சிறிது காலமே. ஆனால் அக்காலமே அவர் வாழ்வில் விதைகள் வந்து சேர்வதற்குக் காரணமாயிற்று. அதைப் பின்னர்க் காண்போம்.

விண்வெளி வீரர்

1953-இலேயே ரூசா விமானப்படையில் சேர்ந்து போர் விமான ஓட்டியானார். பணியில் இருந்தபடியே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டு வானூர்திப் பொறியியலில் பட்டம் பெற்றார். புதிய விமானங்களை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானியாகவும் தேர்ச்சி பெற்றார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நாசா தேர்ந்தெடுத்த 19 விண்வெளி வீரர்களுள் அவரும் ஒருவர்.

சேர்ந்த மறு ஆண்டே ஒரு பெருந்துயரை அவர் அருகிருந்து காண நேர்ந்தது. 1967-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள், ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது அப்பல்லோ-1 கலத்தினுள் தீப்பிடித்தது. கிரிசம், வைட், சாஃபி ஆகிய மூன்று வீரர்களும் உள்ளேயே மாண்டனர். ஏவுதளத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அம்மூவருடனும் பேசும் பணியில் அன்று இருந்தவர் ரூசா. காட்டுத் தீயின் நடுவே குதித்துப் பழகிய ஒருவர், பூட்டிய கலத்துக்குள் எரிந்த தீயின்முன் செய்வதறியாது இருக்க நேர்ந்த கொடுமையை என்னென்பது! அந்த விபத்துக்குப் பின்னரும் அவர் விலகவில்லை.

ஆலன் ஷெப்பர்டு, எட்கர் மிட்செல், ரூசா ஆகிய மூவரும் முதலில் அப்பல்லோ-13 பயணத்துக்கு எண்ணப்பட்டவர்கள். ஷெப்பர்டுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்பதால் இக்குழு அப்பல்லோ-14க்கு மாற்றப்பட்டது. அப்பல்லோ-13 வழியில் பழுதுபட்டு நிலவில் இறங்காமலே திரும்பியது நாம் அறிந்ததே.

ஐந்நூறு விதைகள்

ஒவ்வொரு விண்வெளி வீரரும் தமக்கென ஒரு சிறு பையில் சில பொருள்களை எடுத்துச் செல்ல இசைவு உண்டு. குடும்பத்தார்க்கு நினைவுப் பொருளாகும் நாணயம், கொடி, பதக்கம் போன்றவற்றையே பெரும்பாலோர் வைத்துக்கொள்வர். அந்நாளில் அமெரிக்க வனத்துறையின் தலைவராக இருந்த எட் கிளிஃப், தம் துறையில் ஒருகாலத்தில் தீயணைத்த இளைஞர் நிலவுக்குச் செல்வதை அறிந்து, மர விதைகளை எடுத்துச் செல்ல முடியுமா என்று கேட்டார். ரூசா மனமுவந்து இசைந்தார். இதில் அறிவியலும் இருந்தது. வனத்துறைக்கு நல்ல விளம்பரமும் இருந்தது.

விதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வனத்துறையைச் சேர்ந்த ஸ்டான் குரூக்மன் என்னும் அறிவியலாரிடம் ஒப்படைக்கப்பட்டது. லாப்லாலி பைன், சிக்கமோர், ஸ்வீட்கம், ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் என்று ஐந்து வகை மரங்களை அவர் தெரிந்தெடுத்தார். ரெட்வுட் உலகின் மிக உயரமான மரம், எல்லாரும் அறிந்தது. மற்ற நான்கும் அந்நாட்டின் பல பகுதிகளிலும் வளரக்கூடியவை. ஏறக்குறைய 500 விதைகள் சிறு கொள்கலனில் அடைக்கப்பட்டு ரூசாவின் பைக்குள் சென்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே வகை விதைகள் சில மண்ணிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. சோதனை என்றால் ஒப்பீடு வேண்டும் என்று செய்முறை வகுப்பில் நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்த நெறிதான் இது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மனிதன் காற்றும் நீரும் உணவும் சுமந்து செல்ல வேண்டிய இடத்துக்கு ஒரு விதை எப்படி ஒன்றுமில்லாமல் சென்று வருகிறது? விடை விதையின் உறக்கத்தில் இருக்கிறது. முற்றிய விதை தன்னிடமுள்ள நீரின் பெரும்பகுதியை இழந்து உலர்ந்துவிடுகிறது. உயிர்ச்செயல்கள் அடங்கி மிக மெல்ல நடக்கின்றன. உணவோ விதையிலையிலோ முளைசூழ்தசையிலோ முன்னமே சேமிக்கப்பட்டிருக்கிறது. நீரும் காற்றும் வெப்பமும் சேரும் நாள்வரை அது காத்திருக்கும். எல்லா விதைகளும் ஒரே அளவு காத்திருப்பதில்லை. நம் வேப்பமுத்து சில மாதங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும். நன்றாகக் காய்ந்த நெல்லும் பயறும் ஆண்டுக் கணக்கில் தாங்கும்.

தாய்க்கலத்தில் தனியே

1971-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் அப்பல்லோ-14 புறப்பட்டது. தாய்க்கலத்தை ஓட்டும் பொறுப்பு ரூசாவுடையது. அக்கலத்தின் பெயர் கிட்டி ஹாக். புறப்பட்ட சில மணி நேரத்திலேயே சோதனை வந்தது. நிலவில் இறங்கும் கலத்தோடு தாய்க்கலத்தை இணைக்க வேண்டும். ரூசா கலத்தைச் சரியாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் இணைப்புக் கொக்கிகள் பற்றவில்லை. ஒருமுறை இருமுறையன்று, ஐந்து முறை முயன்றும் பயனில்லை. இணையாவிட்டால் நிலவில் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறாவது முயற்சியில் கொக்கிகள் பற்றின. பதற்றமின்றி அதே செயலை ஆறுமுறை செய்த கைகளின் உறுதியை நாம் போற்ற வேண்டும்.

பிப்ரவரி 5-ஆம் நாள் ஷெப்பர்டும் மிட்செலும் ஃபிரா மௌரோ என்னும் மேட்டுப் பகுதியில் இறங்கினர். ரூசா தாய்க்கலத்தில் தனியே நிலவைச் சுற்றினார். ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 33 மணி நேரம், அவருக்குத் துணை யாருமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கலம் நிலவின் மறுபக்கம் சென்றதும் மண்ணுலகத்தின் குரலும் அற்றுப்போகும். அத்தனிமையிலும் அவருக்கு வேலை இருந்தது. பின்னால் வரப்போகும் அப்பல்லோ-16 இறங்குவதற்காக டெஸ்கார்ட்டஸ் பகுதியைப் படமெடுக்க வேண்டியிருந்தது. அதற்கென வைத்திருந்த பெரிய காமிரா பழுதாகிவிடவே, வேறொரு காமிராவைக் கொண்டு அப்பணியை முடித்தார்.

நிலவுக்குச் சென்றவர்களுள் பன்னிருவர் அதன் மண்ணை மிதித்தனர். அவர்கள் பெயர்களை நாம் பொது அறிவுத் தேர்வுக்காகவேனும் மனப்பாடம் செய்கிறோம். அருகே சென்றும் மிதியாமல் திரும்பிய ரூசா போன்றோரை நாம் நினைப்பதில்லை. 34 முறை நிலவைச் சுற்றிய அந்தக் கலத்தில் அவருடன் இருந்தவை 500 விதைகள். உறங்கும் அவ்வுயிர்களைத் தவிர அங்கே அவருக்கு வேறு துணை இல்லை என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. பிப்ரவரி 9-ஆம் நாள் மூவரும் பசிபிக் கடலில் வந்து இறங்கினர்.

சிதறிய விதைகள்

நிலவிலிருந்து நோய்க்கிருமிகள் வரக்கூடும் என்ற அச்சம் அந்நாளில் இருந்தது. திரும்பி வந்தபின் தனிமையில் வைக்கப்பட்ட வீரர்களுள் இவர்களே கடைசிக் குழுவினர். உடன் வந்த பொருள்களையும் தூய்மைப்படுத்தினார்கள். காற்றில்லா அறையில் வைத்துத் தூய்மைப்படுத்தும்போது விதைக் கொள்கலன் வெடித்துவிட்டது. விதைகள் சிதறி ஒன்றோடொன்று கலந்தன. வெற்றிடத்தின் தாக்குதலால் அவை செத்திருக்கும் என்றே பலரும் கருதினார்கள். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு நெருக்கமான தொலைவு போய்வந்தபோது நேராத இடர், வீட்டு வாசலுக்கு வந்தபின் நேர்ந்தது.

குரூக்மன் மனம் தளரவில்லை. சிதறிய விதைகளைக் கையாலேயே பொறுக்கி, வகை வகையாகப் பிரித்தார். ஹூஸ்டனில் சில விதைகளை முளைக்கவிட்டபோது அவை முளைத்தன. எனினும் நாற்றங்கால் வசதி இல்லாத அவ்விடத்தில் நெடுநாள் பிழைக்கவில்லை. பின்னர் எஞ்சிய விதைகள் வனத்துறையின் இரு நிலையங்களுக்குச் சென்றன. சிக்கமோர், பைன், ஸ்வீட்கம் விதைகள் மிசிசிப்பி மாநிலத்துக் கல்ஃப்போர்ட்டுக்கும், ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் விதைகள் கலிபோர்னியாவின் பிளாசர்வில்லுக்கும் அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை முளைத்தன. ஒட்டுக் குச்சிகளையும் சேர்த்து ஏறக்குறைய 450 கன்றுகள் கிடைத்தன.

நிலவுக்குச் சென்றுவந்த கன்றும் செல்லாத கன்றும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பட்டு வளர்க்கப்பட்டன. பல்லாண்டு கழித்தும் அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. சிலர் இதைக் கேட்டு ஏமாற்றமடைவார்கள். எனக்கோ இதுவே பெருஞ்செய்தியாகப் படுகிறது. அவ்வளவு தொலைவு சென்று, அவ்வளவு இடர்ப்பட்டு வந்தும் ஒரு விதை தன் இயல்பை மறக்காமல் சிக்கமோராகவே முளைத்தது என்பது சிறிய செய்தியா?

நட்டார்கள், மறந்தார்கள்

1975-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்து வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு சிக்கமோர் கன்று நடப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு விழா. அவ்விழாவையொட்டி நாடெங்கும் நிலா மரங்களுக்குத் தேவை மிகுந்தது. மாநில வனத்துறைகள் வாங்கிச் சென்று பூங்காக்களிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலக முற்றங்களிலும் நட்டன. வெள்ளை மாளிகையில் ஒரு பைன் நடப்பட்டது. பிரேசிலுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கன்றுகள் சென்றன. சப்பான் பேரரசருக்கு ஒன்று பரிசளிக்கப்பட்டது. நடுவிழாக்கள் சிலவற்றில் ரூசாவே நேரில் கலந்துகொண்டார். அந்த 1976-ஆம் ஆண்டிலேயே அவர் நாசாவிலிருந்தும் விமானப்படையிலிருந்தும் கர்னலாக ஓய்வு பெற்றார்.

இத்தனையும் செய்தவர்கள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. எந்தக் கன்று எங்கே போயிற்று என்று ஒரே இடத்தில் ஒரு பட்டியல் எழுதி வைக்கவில்லை. விழா முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், ஆண்டுகள் உருண்டன. சில இடங்களில் பெயர்ப்பலகை துருப்பிடித்து விழுந்தது. சில இடங்களில் பலகையே வைக்கப்படவில்லை. சில மரங்கள் பட்டுப்போயின. சில, இன்னதென்று அறியாமலே வெட்டப்பட்டன.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இப்படியே சென்றன. 1996-இல் இண்டியானா மாநிலத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், தம் ஊர்ச் சாரணியர் முகாமில் நிலா மரம் என்ற பலகையோடு ஒரு மரம் நிற்பதைத் தம் மாணவர்களோடு ஆராய முற்பட்டு, நாசாவுக்கு எழுதிக் கேட்டார். அக்கேள்வி கோடார்டு விண்வெளி மையத்தில் ஆவணங்களைக் காக்கும் டேவிட் வில்லியம்ஸ் என்பவரிடம் வந்தது. அவரும் அதுவரை நிலா மரம் என்று கேள்விப்பட்டதே இல்லை! பழைய செய்தித்தாள்களைப் புரட்டி உண்மையை அறிந்தார். அவர் பணியாற்றிய அதே கோடார்டு மையத்தின் வளாகத்திலேயே 1977-இல் நடப்பட்ட ஒரு நிலா மரம் வளர்ந்து நின்றதையும் பின்னர்த் தெரிந்துகொண்டார். அன்றுமுதல் அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் தொகுக்கத் தொடங்கினார். ஊர்தோறும் பொதுமக்கள் தத்தம் பகுதி மரங்களைப் பற்றி எழுதினார்கள். இவ்வளவு முயன்றும் 450 கன்றுகளுள் இடம் தெரிந்தவை நூறை ஒட்டிய எண்ணிக்கையே.

நிலவுவரை விதையைக் கொண்டுபோன ஒரு பேரரசு, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் முகவரி எழுதிவைக்கத் தவறியது. ஒன்பது வயதுக் குழந்தைகளின் கேள்வி அதை நினைவூட்டியது. அறிவியலில் பெரிய செயல், சிறிய செயல் என்ற பாகுபாடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இறுதி நாள்களும் அரை நிலா மரங்களும்

ஓய்வுக்குப் பின் ரூசா வணிகத்தில் ஈடுபட்டார். சில காலம் கிரேக்க நாட்டில் இருந்துவிட்டு, 1981 முதல் மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டில் குடியமர்ந்து தொழில் நடத்தினார். அவருடைய விதைகளில் ஒரு பகுதி முளைத்த அதே ஊர்தான் அது. மனைவி ஜோன், மூன்று ஆண்மக்கள், ஒரு மகள் என்று அமைந்தது அவர் குடும்பம். 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கணைய நோயின் விளைவாக 61-ஆம் வயதில் அவர் காலமானார். குழந்தைகளின் கேள்வி நாசாவை எட்டியது அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின்னர். தம் மரங்களை உலகம் மீண்டும் தேடத் தொடங்கியதை அவர் காணவில்லை.

அவர் உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அப்பல்லோ-14 திரும்பி வந்த நாளின் 34-ஆம் ஆண்டு நிறைவான 2005 பிப்ரவரி 9 அன்று அத்தோட்டத்தில் ஒரு சிக்கமோர் கன்று நடப்பட்டது. அது நிலா மரத்தின் வழிவந்த இரண்டாம் தலைமுறை மரம். இத்தகைய மரங்களை அரை நிலா மரங்கள் என்று செல்லமாக அழைக்கிறார்கள். மூல மரங்கள் முதுமையடைந்து வரும் நிலையில், அவற்றின் விதைகளையும் குச்சிகளையும் சேகரித்துக் கன்றாக்கிப் பிறருக்கு வழங்கும் பணி தொடர்கிறது. பிலடெல்பியாவின் முதல் மரம் பட்டுப்போனபோது, அதன் குச்சியிலிருந்து வளர்த்த கன்றே அவ்விடத்தில் நடப்பட்டது. ரூசாவின் மகள் ரோஸ்மேரி, நிலா மரங்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவித் தந்தையின் பணியைத் தொடர்ந்தார்.

விதையைப் பங்கிடும் இவ்வழக்கம் வேறு வகையிலும் வளர்ந்தது. 1984-இல் 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகள் விண்ணில் வைக்கப்பட்டு, 1990-இல் திரும்ப எடுத்துவரப்பட்டுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. 2022-இல் ஆர்ட்டெமிஸ்-1 கலத்தில் மீண்டும் ஐந்து வகை மர விதைகள் நிலவைச் சுற்றி வந்தன. இம்முறை, கன்று வேண்டிய பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் விண்ணப்பம் அளித்துத் தேர்வு பெற்றே அவற்றைப் பெற்றன. பழைய பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

விண்ணில் நம் காராமணி

நம் நாட்டு விதைகளும் இப்போது அவ்வழியில் செல்லத் தொடங்கியுள்ளன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் நான்காம் பகுதியில், ஒரு சிறு பெட்டிக்குள் எட்டுக் காராமணி விதைகள் இருந்தன. நான்கே நாள்களில் அவை முளைவிட்டு, பின்னர் இலையும் விட்டன. நாம் சுண்டலுக்கு வேகவைக்கும் அதே காராமணி! 2025-ஆம் ஆண்டு சுபான்சு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார். கேரள வேளாண் பல்கலைக்கழகத்து நெல், எள், கத்தரி முதலியவற்றின் விதைகளும் அப்பயணத்தில் சென்று வந்தன.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிறவர்கள் அவர்கள். மண்சட்டியில் எருவும் மண்ணும் இட்டுப் பயறு வகைகளை விதைத்து, இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, வெளிச்சம் படாமல் வெளிர்மஞ்சளாக வளர்த்துத் தலையில் சுமந்து வருவார்கள். முளை செழித்தால் அவ்வாண்டு வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. விதைப்புக்கு முன்னரே விதையின் முளைப்புத் திறனைச் சோதிக்கும் ஒரு முறையாகவும் இதைக் கொள்ளலாம் என்று நான் கருதுகிறேன். விண்கலத்தில் முளைத்த காராமணியைப் பற்றி என் அப்பாயியிடம் சொன்னேன். வானத்துக்குப் போனது எந்தக் காராமணி, வெள்ளையா சிவப்பா என்று திருப்பிக் கேட்டார். விதை என்றால் எந்த விதை என்று கேட்பதே அவர் வழக்கம்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுப் பரணில் சுரைக்குடுக்கைகளிலும் பழைய டப்பாக்களிலும் சாம்பல் கலந்து அவரை, பீர்க்கு, புடல், பூசணி என்று பலவகை விதைகள் வைத்திருக்கிறார். அவரையில் மட்டும் மூன்று வகை. பார்த்த மாத்திரத்தில் இன்னது இன்னது என்று சொல்லிவிடுவார். ஆடிப் பட்டம் வந்தால் தெருப் பெண்கள் வந்து கேட்பார்கள். ஒரு கை அள்ளிக் கொடுப்பார். அடுத்த தையில் இரண்டு கையாகத் திரும்பி வரும். திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் அவர்கள் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்று, 174 வகை மரபு நெல்லை மீட்டெடுத்தார் என்று படித்தபோது, அதே கணக்கு எங்கள் பரணிலும் இருப்பதை எண்ணி மகிழ்ந்தேன். அவர் 2018-இல் மறைந்தார். நெல் வகைகள் பலர் வயலில் வாழ்கின்றன. கொடுத்தவர் போனாலும் கொடுத்தது நிற்கிறது.

ஆனால் ஒரு கவலை எனக்கு உண்டு. அப்பாயிக்கு இப்போது கண்பார்வை மங்கிவருகிறது. எந்தக் குடுக்கையில் எந்த அவரை என்பது அவர் ஒருவருடைய கண்ணிலும் விரலிலும்தான் இருக்கிறது. அவருக்குப் பின் அந்தப் பரணில் எஞ்சுவது வெறும் விதை. அதன் பெயரும், எந்த மாதத்தில் ஊன்றுவது, கொடி எவ்வளவு ஓடும் என்ற அறிவும் அவரோடு போய்விடும். அமெரிக்காவில் 450 கன்றுகளுக்கு நேர்ந்த கதி எங்கள் பரணில் மூன்று அவரைக்கு நேரக் கூடாது. ஆகவே கடந்த தைமுதல், அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் எழுதிப் போட்டுவருகிறேன். பெயர், யாரிடமிருந்து வந்தது, விதை எடுத்த மாதமும் ஆண்டும், ஊன்றும் பட்டம் ஆகிய நான்கே செய்திகள். இதுவரை பதினேழு டப்பாக்கள் முடிந்துள்ளன.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! இது நமக்குப் புதிய கலையன்று. நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ அவர்கள் நிறுவிய ராப்பினாட் உலர்தாவரகம் இருக்கிறது. காவிரிக் கரையிலும் மலைகளிலும் திரட்டிய செடிகளை உலர்த்தி ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், திரட்டியவர் பெயர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவ்வெழுத்து இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் யாவும் காய்ந்த சருகுகளே. செடிக்கு உயிர் தருவது நீர். ஆவணத்துக்கு உயிர் தருவது அந்த நான்கு வரி.

ரூசாவின் வாழ்விலிருந்து நான் கற்றது இதுதான். எடுத்துச் செல்வதற்கு ஒரு துணிவுள்ளவர் வேண்டும். சிதறியதைப் பொறுக்க ஒரு பொறுமையுள்ளவர் வேண்டும். நட்டு வளர்க்கப் பலர் வேண்டும். எழுதிவைக்கவும் ஒருவர் வேண்டும். ரூசாவும் குரூக்மனும் ஊர்மக்களும் முதல் மூன்றையும் செய்தார்கள். நான்காமவர் இருபது ஆண்டு தாமதமாக வந்ததால் பெரும்பகுதி போய்விட்டது.

நாம் நிலவுக்குச் செல்லப் போவதில்லை. நம்மில் ஒருவர் சென்றால் அது பெருமகிழ்ச்சியே. நான்காமவராக இருப்பதற்கோ ராக்கெட் வேண்டாம். நம் கல்லூரி வளாகத்தில் நிற்கும் மரங்களுக்கு யார், எந்த ஆண்டில் நட்டார் என்ற குறிப்பு உண்டா? மூத்த பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் தாம் அறிந்ததைச் சொன்னால், இக்கல்வியாண்டிலேயே தாவரவியல் மன்றத்தின் சார்பில் பட்டியல் தொகுக்க நாங்கள் அணியமாக உள்ளோம். இலால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர், முசிறி என்று பல ஊர்களிலிருந்தும் வந்து பயிலும் மாணவ மாணவியர், விடுமுறை முடிந்து திரும்பும்போது வீட்டு விதை ஒரு கைப்பிடி எடுத்துவாருங்கள். அதனுடன் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிய ஒரு துண்டுத்தாளும் வரட்டும். ஆடிப் பட்டத்துக்கு முன் எல்லாரும் பகிர்ந்துகொள்வோம். ஒரு கை பெற்றவர் அடுத்த ஆண்டு இரு கை தர வேண்டும் என்பதே நிபந்தனை.

எங்கள் வீட்டு மூன்று வகை அவரையும் அங்கே இருக்கும், பெயரோடு.